பழைய மிலிட்டரி லாரிக்குப் புது டீசல் ஃபில்டர்: வாங்குவதிலிருந்து ஏர் எடுப்பது வரை

நீலகிரியின் கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் என் சக்திமான் லாரி மூன்று முறை நின்றுபோனது. காலியாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. சுமை ஏற்றி, ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் பத்து நிமிடத்தில் இழுவை குறைந்து, இன்ஜின் திணறி, அணைந்துவிடும். கால் மணி நேரம் கழித்துச் சாவி போட்டால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை), அதற்கு டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்ப், டேங்க் மூடி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டதில் ஐந்து மாதம் போயிற்று. டீசல் பம்ப்பை இரண்டு முறை பட்டறைக்குக் கொண்டுபோனதற்கு மட்டும் 28,000 ரூபாய் ஆனது. கோளாறு பம்ப்பில் இல்லை. வண்டி வாங்கிய கையோடு, நல்லது செய்வதாக நினைத்து நான் மாட்டிய புது ஃபில்டரில்தான் இருந்தது. ஃபில்டர் நல்ல ஃபில்டர்தான். மாட்டிய இடம் தவறு.

இராணுவம் கழித்துவிட்ட பழைய டீசல் லாரி ஒன்றை வாங்கி, அதன் ஃபில்டரை மாற்ற நினைக்கும் உங்களுக்கு அந்த ஐந்து மாதம் மிச்சமாகட்டும் என்றே எழுதுகிறேன். நான் செய்தது ஜபல்பூரில் தயாரான சக்திமானில். அதே காலத்து டாடா, லேலண்டு லாரிகளிலும் ஒரே வரிசையில் பிளஞ்சர்கள் (டீசலை அழுத்தும் சின்னத் தண்டுகள்) அமைந்த பழைய வகை டீசல் பம்ப் இருந்தால் இந்த முறை பொருந்தும். எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜின்களுக்கு இது பொருந்தாது.

1. உங்கள் வண்டிக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

பழைய லாரிகளில் ஒரே தலையில் (பைப்புகள் வந்து இணையும் மேல்பகுதியில்) இரண்டு இரும்புப் பவுல்கள் தொங்கும். முதல் பவுலில் துணி ஃபில்டர், இரண்டாவதில் பேப்பர் ஃபில்டர். இது மோசமான ஏற்பாடு அல்ல. துணியைச் சுத்தமான டீசலில் அலசிச் சில தடவை பயன்படுத்தலாம். பேப்பரை மாற்றத்தான் வேண்டும். தார்ச் சாலையில் மட்டும் ஓட்டி, ஒரே நல்ல பங்க்கில் டீசல் போட்டு, காலத்துக்குக் காலம் ஃபில்டர் மாற்றுகிறவர் என்றால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். வேலையும் மிச்சம், பணமும் மிச்சம்.

நான் மாற்றியதற்குக் காரணம் மூன்று. ஒன்று, தண்ணீர். நீலகிரி மழைக்காலத்தில் பாதி காலியான டேங்கில் ஈரம் படிந்து துளித்துளியாகச் சேர்கிறது. பழைய பவுலில் அதை வடித்துவிட எளிய குழாய் கிடையாது. இரண்டு, ரப்பர் வளையங்கள். ஒவ்வொரு முறை பவுலைக் கழற்றும்போதும் மேல் வளையம், நடு போல்ட்டின் வளையம், அடி ஸ்பிரிங், தட்டு எல்லாம் சரியாக உட்கார வேண்டும். ஒன்று பிசகினாலும் டீசல் கசியும் அல்லது ஏர் பிடிக்கும், அதாவது டீசல் லைனுக்குள் காற்று புகும். மழையில், காட்டுப் பாதையில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். மூன்று, சரியான அளவுள்ள நல்ல பேப்பர் ஃபில்டர் என் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.

இன்றைய டீசலையும் கணக்கில் எடுங்கள். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைப்பது 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) கந்தகம் கொண்ட பி.எஸ். 6 டீசல். அதில் 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்கத் தர விதி இடம் தருகிறது. பயோடீசல் தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். பழைய டேங்கின் சுவரில் பல வருடமாகப் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவரும். பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்துத் தளர்த்தும். நாற்பது வருட டேங்குக்கு இது சின்ன விஷயம் அல்ல.

2. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்களும் எண்களும்

கடைக்குப் போகும் முன் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவற்றைச் சேருங்கள். நான் சேர்க்காமல் போய் மூன்று முறை திரும்பி வந்தேன்.

முதலில் ஆர்.சி. என்ற பதிவுச் சான்று. அதிலுள்ள இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கழிக்கப்பட்ட வண்டிகளில் இன்ஜின் மாறியிருப்பது உண்டு. எண் ஒத்துப்போகவில்லை என்றால் ஃபில்டர் வேலையை நிறுத்திவைத்து அதை முதலில் சரிசெய்யுங்கள். வாங்கியபோது கிடைத்த விற்பனைச் சான்றையும் பத்திரமாக வையுங்கள். இராணுவத்திலிருந்து வரும் வண்டியைப் பதிவுசெய்ய, விண்ணப்பமான படிவம் 20-உடன் உரிய அதிகாரி தந்த படிவம் 21 அசல் வேண்டும். வண்டி இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால் ஃபில்டருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

ஃபில்டர் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறிப்போகும்படியான மாற்றங்களை. ஃபில்டரை மாற்றினால் இன்ஜின், எரிபொருள், எடை, பாடி எதுவும் மாறாது. ஆனால் டேங்கை இடம் மாற்றுவது, கூடுதல் டேங்க் வைப்பது போன்றவற்றை இதோடு சேர்த்துச் செய்யாதீர்கள். அது வேறு கதை.

அடுத்து, டீசல் பம்ப்பின் பக்கத்தில் அறைந்திருக்கும் சின்னத் தகடு. பெயின்ட் மூடியிருக்கும்; மெல்லத் துணியால் தின்னர் தொட்டுத் துடைத்தால் எழுத்து தெரியும். உதாரணமாக ‘பி.இ.எஸ். 6 ஏ 90’ என்று தொடங்கினால், 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, ஏ என்பது பம்ப்பின் அளவு வகை, 90 என்பது பிளஞ்சரின் விட்டம் 9 மி.மீ. என்பது. இந்த எண்ணைப் படம் எடுத்துக் காட்டினால் பம்ப் பட்டறைக்காரர் எந்த ஃபீட் பம்ப், எந்த ஓவர்ஃப்ளோ வால்வு (இரண்டையும் கீழே விளக்குகிறேன்) என்று அங்கேயே சொல்லிவிடுவார். வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

கடைசியாக, இப்போதுள்ள பைப் லைனை டேங்கிலிருந்து பம்ப் வரையிலும், திரும்பும் லைனையும் சேர்த்து, ஒரு தாளில் வரையுங்கள். படமும் எடுங்கள். வரையும்போது கண் பார்க்கும்; படம் எடுக்கும்போது பார்க்காது.

3. இழுக்கும் பக்கமும் தள்ளும் பக்கமும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். என் பணமும் மாதங்களும் போனது இதில்தான்.

டீசல் பம்ப்பின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது ஃபீட் பம்ப். அதுதான் டேங்கிலிருந்து டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாகத் தள்ளி, பெரிய பம்ப்புக்குக் கொடுக்கிறது. டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில் இருப்பது இழுக்கும் பக்கம். ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் இருப்பது தள்ளும் பக்கம். தள்ளும்போது இந்தச் சின்னப் பம்ப்புக்குப் பலம் அதிகம்; சுமார் 1 முதல் 1.5 பார் அழுத்தத்தில் டீசலைக் கொடுக்கும். இழுப்பதில் அது பலவீனம்.

நான் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபில்டரை இழுக்கும் பக்கத்தில் மாட்டியிருந்தேன். இன்ஜினுக்குக் குறைவாக டீசல் தேவைப்பட்ட வரை அது இழுத்தது. ஏற்றத்தில் தேவை கூடியதும் முடியவில்லை. அந்த இழுவிசையில் டீசலில் கரைந்திருந்த காற்றும் குமிழாகப் பிரிந்தது. நின்றபின் லைனில் அழுத்தம் சமமாகி, மெல்ல டீசல் நிரம்பும்; அதனால்தான் கால் மணி நேரத்தில் மறுபடி ஓடியது. இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வயதான பம்ப் மெக்கானிக். பானட்டைத் திறந்து அரை நிமிடம்தான் பார்த்தார். “தம்பி, மூச்சு இழுக்கிற பக்கம் ஏன் மூக்கைப் பொத்தி வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார்.

ஆகவே வரிசை இதுதான்: டேங்க், அடுத்து தண்ணீர் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர், அடுத்து ஃபீட் பம்ப், அடுத்து நுண் ஃபில்டர், அடுத்து டீசல் பம்ப். செபரேட்டரில் 30 மைக்ரான் அளவு போதும். அது தண்ணீரையும் துரு, மணலையும் நிறுத்தினால் சரி. நுண் ஃபில்டர் தள்ளும் பக்கத்தில் மட்டும்.

கசிவிலும் இரு பக்கமும் வேறு. தள்ளும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். இழுக்கும் பக்கத்தில் தளர்ந்தால் ஒரு துளியும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். காய்ந்து சுத்தமாக இருக்கும் இணைப்புதான் வண்டியை நிறுத்துகிறது என்று நம்புவதற்கே எனக்கு நாளாயிற்று.

4. எதை வாங்குவது, எவ்வளவு ஆகும்

டீசல் பம்ப்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான் வரைதான். தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதனால் நுண் ஃபில்டரில் எண்ணைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பெட்டியில் வெறும் ‘5 மைக்ரான்’ என்று இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதத்தை நிறுத்துகிறது என்பதுதான் கேள்வி. நல்ல தயாரிப்பாளர்கள் பீட்டா எண் தருவார்கள். பீட்டா 2 என்றால் பாதித் துகள் நிற்கும், பாதி தப்பும். பீட்டா 75 என்றால் சுமார் 98.7 சதவீதம் நிற்கும். பீட்டா 200 என்றால் 99.5 சதவீதம். பீட்டா 75-உள்ள 10 மைக்ரான் ஃபில்டர், எண் எதுவும் சொல்லாத 5 மைக்ரான் ஃபில்டரைவிட நம்பகமானது என்பது என் முடிவு.

ஃபில்டரும் உறையும் ஒன்றாக இருந்து, கையால் திருகி மாட்டும் கேன் வகையை வாங்குங்கள். வாங்கும் முன், இரண்டு வருடம் கழித்தும் உங்கள் ஊரில் அதே கேன் கிடைக்குமா என்று கேளுங்கள். ஊரில் அதிகம் ஓடும் லாரியில் எந்தக் கேன் இருக்கிறதோ அதற்குரிய தலையை வாங்குவதே புத்திசாலித்தனம். பல கேன்களில் புரி 16 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி; அமெரிக்க அளவுள்ளவை வேறு. தலையைக் கையோடு எடுத்துப்போய்க் கடையிலேயே திருகிப் பாருங்கள்.

பைப் இணைக்கும் பான்ஜோ போல்ட்டுகள் (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்டுகள்) பெரும்பாலும் 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. புரி. ஆனால் ஊகித்து வாங்காதீர்கள். பழையதைக் கழற்றி எடுத்துப்போய் அளந்து வாங்குங்கள்.

நான் கொடுத்த விலை, ஏறக்குறைய: வாட்டர் செபரேட்டர் தலையோடு 2,800 ரூபாய், நுண் ஃபில்டர் தலையும் கேனும் 1,900, டீசல் தாங்கும் ஹோஸ் நான்கு மீட்டரும் கிளிப்புகளும் 1,200, பான்ஜோ போல்ட், செம்பு வாஷர் 450, பிராக்கெட் செய்ய லேத் பட்டறையில் 600, கூடுதலாக ஒரு கேன் 550. மொத்தம் 7,500 ரூபாய். மெக்கானிக் கூலி தனி. அரை நாளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். பில் இல்லாமல் வாங்காதீர்கள். போலிக் கேன்கள் நிறைய வருகின்றன. பெட்டி அச்சு மங்கலாக இருந்தாலோ, ரப்பர் வளையம் பள்ளத்தில் ஆடினாலோ, உள்ளே எட்டிப் பார்த்தால் பேப்பர் மடிப்பு கோணலாகத் தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹோஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீர்க் குழாயும் ஏர் குழாயும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். டீசலில் மூன்று மாதத்தில் உள் தோல் உரிந்து, அதன் துண்டே லைனை அடைக்கும்.

5. நாள் குறிப்பது

முதல் தடவை என்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள்: ஒரு நாள் டேங்குக்கு, ஒரு நாள் ஃபில்டருக்கு. பழகியவருக்கு நான்கு மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை தொடங்காதீர்கள். ஒரு செம்பு வாஷர் குறைந்தால்கூடக் கடை திறந்திருக்காது. வண்டி அப்படியே நிற்கும்.

எட்டு வருடம் கடந்த சரக்கு வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று ஆண்டுக்கொரு முறை. எஃப்.சி. தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள். கசிவும் ஏரும் முதல் சில நாளில்தான் தலைகாட்டும்; அதைச் சோதனை மைதானத்தில் கண்டுபிடிக்கக் கூடாது. புகைச் சான்றையும் ஃபில்டர் மாற்றி, வண்டி சீராக ஓடத் தொடங்கிய பிறகே எடுங்கள்.

6. டேங்கைச் சுத்தம் செய்யாமல் புது ஃபில்டர் மாட்டாதீர்கள்

அழுக்கு டேங்குக்குப் புது ஃபில்டர் மாட்டினால் ஒரே வாரத்தில் அது பழைய ஃபில்டர் ஆகிவிடும். டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது அடி போல்ட்டைத் திறந்து ஒரு வெள்ளை வாளியில் வடியுங்கள். வெள்ளையாக இருந்தால்தான் என்ன வருகிறது என்று தெரியும். என் டேங்கிலிருந்து முதலில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் வந்தது. அதன் பின்னால் காப்பித்தூள் போன்ற துரு. கடைசியில் விரலில் ஒட்டி இழுபடும் கரும்பழுப்புக் கசடு. தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் வளரும் நுண்ணுயிர்களின் கசடு அது. அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். சுத்தமான டீசல் ஊற்றி, குலுக்கி, வடித்து, தெளியும் வரை திரும்பச் செய்யுங்கள்.

இரண்டு தீ எச்சரிக்கை. இந்தியத் தரத்தில் டீசலின் ஆவி பொறி பட்டால் தீப்பற்றும் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைவாகவும் இருக்கலாம். வெயிலில் நிற்கும் டேங்க் அதைத் தாண்டிவிடும். ‘டீசல்தானே, பற்றாது’ என்ற பேச்சை நம்பாதீர்கள். இரண்டாவது, காலியான டேங்கில் வெல்டிங் வைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். ஓட்டை இருந்தால் அதற்கென்றே இருக்கும் பட்டறைக்குக் கழற்றி அனுப்புங்கள்.

டேங்கினுள் டீசல் எடுக்கும் குழாயின் முனையில் சல்லடை இருந்தால் அதையும் எடுத்துக் கழுவுங்கள். ஃபீட் பம்ப்பின் வாயிலும் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எனது வண்டியில் அதைத் திறந்தபோது முக்கால்வாசி மூடியிருந்தது.

7. பழையதைக் கழற்றுவது

பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். டேங்க் ஃபில்டரைவிட உயரத்தில் இருந்தால் பைப்பைக் கழற்றியதும் டீசல் நிற்காமல் ஓடும். முன்பே அடைப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். இணைப்புகளைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடையுங்கள். கழற்றிய ஒவ்வொரு வாயையும் உடனே சுத்தமான பிளாஸ்டிக் உறையால் கட்டுங்கள். நூல் உதிரும் பனியன் துணியை உள்ளே செருகாதீர்கள். ஒரு நூல் போதும், பம்ப்பைக் கெடுக்க.

எந்தப் பைப் உள்ளே வருவது, எது வெளியே போவது என்று நிறம் மாற்றி நாடா கட்டுங்கள்.

8. புதியதைப் பொருத்துவது

செபரேட்டரை, தண்ணீர் வடிக்கும் குழாய் கைக்கு எட்டும் உயரத்தில், ஷாசியின் உட்புறமாகப் பொருத்துங்கள். காட்டுப் பாதையில் கல் தெறிக்கும் இடத்திலும், சைலன்ஸர் பைப்புக்கு அருகிலும் வேண்டாம். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பவுல் உள்ள செபரேட்டர் என்றால் இன்ஜின் அறைக்குள் வைக்கவே கூடாது. தீ பிடித்தால் முதலில் உடைவதோ உருகுவதோ அதுதான்.

நுண் ஃபில்டரின் தலை பழைய தலை இருந்த இடத்திலேயே வரட்டும். தலையில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். அம்புக்குறி இல்லை என்றால் நினைவில் வைக்க வேண்டியது: கேனின் விளிம்பிலுள்ள சின்னத் துளைகளில் அழுக்கு டீசல் நுழையும், நடுத் துளை வழியாகச் சுத்தமான டீசல் வெளியேறும். தலைகீழாக இணைத்தாலும் வண்டி ஓடும். அதனால்தான் இந்தத் தவறு நெடுநாள் தெரியாமல் போகிறது.

கேனுக்குள் முன்கூட்டியே டீசல் ஊற்றுவது பலரின் பழக்கம். நடுத் துளையில் ஊற்றினால் அந்த வடிகட்டாத டீசல் நேராகப் பம்ப்புக்குப் போகும். காலியாகவே மாட்டி, கைப் பம்ப்பால் நிரப்புங்கள். நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

பழைய வளையம் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தின் மேல் பழைய வளையம் சேர்ந்தால் எத்தனை இறுக்கினாலும் கசியும். புது வளையத்தில் துளி டீசல் தடவி, தலையைத் தொடும் வரை திருகி, அதன்பின் கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

பான்ஜோ போல்ட்டின் இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர். கிடைக்காவிட்டால் பழையதைத் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். டெஃப்லான் நாடா சுற்றவே சுற்றாதீர்கள். பிளம்பிங் வேலைக்கு அது சரி. இங்கே அதன் பிசிறு பிரிந்து பம்ப்பின் வால்வில் சிக்கும்.

ஓவர்ஃப்ளோ வால்வைக் கவனியுங்கள். பார்க்கச் சாதாரண பான்ஜோ போல்ட் போலவே இருக்கும். உள்ளே சின்ன ஸ்பிரிங் இருக்கும். அதுதான் பம்ப்புக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதன் இடத்தில் வெறும் போல்ட்டை மாட்டிவிட்டால் டீசல் முழுவதும் டேங்குக்கே திரும்பிப் போய், இன்ஜினில் இழுவை இருக்காது. கழற்றிய உடனே தனி டப்பாவில் வையுங்கள்.

9. ஏர் எடுப்பது

லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் செபரேட்டர், அடுத்து நுண் ஃபில்டர் தலையின் ஏர் ஸ்க்ரூ, அடுத்து டீசல் பம்ப்பின் ஏர் ஸ்க்ரூ, கடைசியில்தான் நாசில் பைப்.

ஏர் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, அடியில் டப்பா பிடித்து, ஃபீட் பம்ப்பின் கைப் பம்ப்பை அடியுங்கள். முதலில் சீறும் சத்தம் வரும், பிறகு நுரை, பிறகு நுரையும் டீசலும் மாறிமாறி. நுரை துளியும் இல்லாமல் டீசல் வழுவழுவென்று வழிந்த பிறகு, அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். புதுக் கேன் காலியாக இருப்பதால் எனக்கு இருநூறு தடவைக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தது. கை வலித்து இடையில் நிறுத்தியவர்கள்தான் ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பேட்டரியைக் காலி செய்கிறார்கள்.

நாசில் பக்கம் ஏர் எடுக்கும்போது இணைப்பு நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி இன்ஜினைச் சுழற்ற வேண்டும். முகத்தையும் கையையும் தள்ளி வையுங்கள். நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டால் சின்னப் புள்ளிதானே என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் சுழற்றாதீர்கள். இடையில் ஒரு நிமிடம் விடுங்கள்.

10. சுமையோடு ஓட்டிப் பாருங்கள்

நின்ற இடத்தில் அரை மணி ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். என் பழைய கோளாறு நின்ற இடத்தில் ஒருபோதும் வந்ததில்லை. முதலில் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் தாளால் தொட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் தள்ளும் பக்கத்தில் கசிவு. இழுக்கும் பக்கத்துக்கு வேறு வழி: ஃபீட் பம்ப்புக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரியும் குழாயைத் தற்காலிகமாக இணைத்து, இன்ஜினை ஓடவிட்டு வேகம் கூட்டிப் பாருங்கள். குமிழ் ஓடினால் டேங்க் முதல் அங்கு வரை எங்கோ காற்று நுழைகிறது. சோதனை முடிந்ததும் அந்தக் குழாயை எடுத்துவிடுங்கள். அது நிரந்தரமாக இருக்கத் தகுந்தது அல்ல.

பிறகு உங்கள் வழக்கமான சுமையை ஏற்றி, உங்களுக்குத் தெரிந்த ஏற்றத்தில் குறைந்தது இருபது நிமிடம் ஏறுங்கள். இரண்டு ஸ்பேனர், ஒரு கேன், ஒரு டார்ச், நான்கு செம்பு வாஷர் உங்களோடு இருக்கட்டும். நான் அதே நடுவட்டம் சாலையில்தான் ஏறினேன். முன்பு நின்ற வளைவு வந்தபோது கால் தானாகத் தளர்ந்தது, வண்டி தளரவில்லை.

11. முதல் 500 கிலோமீட்டர்

எவ்வளவு கழுவினாலும் பழைய டேங்கும் பைப்பும் முதல் சில நாள் மிச்சக் கசடை விடும். முதல் நுண் ஃபில்டர் கேனை 500 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். கூடுதல் கேன் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அதன்பிறகு தயாரிப்பாளர் சொல்லும் கால அளவு போதும்.

செபரேட்டரை முதல் வாரம் தினமும் காலையில், வண்டி எடுக்கும் முன், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற பிறகுதான் தண்ணீர் அடியில் சேர்ந்திருக்கும். ஓட்டி முடித்த கையோடு வடித்தால் கலங்கல்தான் வரும். மழைக்காலத்தில் மாலையிலேயே டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்லது. ஈரம் படிய இடம் குறையும்.

வடித்த டீசலையும் பழைய கேனையும் ஓடையோரம் கொட்டாதீர்கள். மூடியுள்ள டின்னில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்க வருபவரிடம் கொடுங்கள். கேன் மாற்றிய தேதி, கிலோமீட்டர், பாகத்தின் எண் மூன்றையும் கேனின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். அடுத்து அதைக் கழற்றுவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். பில்லின் நகலையும் ஆர்.சி. உறையிலேயே வையுங்கள்.